நாற்காலியை விடாத கனவான்

2022-ம் வருஷம் ஜூன் மாதம், கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சில நாட்களில், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டான். "ஸார், தாமே போட்ட சட்டத்தைத் தாமே மீறி, போலீஸாருக்கு அபராதமும் கட்டிய ஒருவர் பிரதம மந்திரியாகவே இருக்கலாமா?" என்றான். அவன் பத்திரிகை படிக்கிற பையன். இங்கிலாந்து தேசத்துப் பிரதம மந்திரி மிஸ்டர் போரிஸ் ஜான்ஸனைப் பற்றித்தான் கேட்கிறான் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. உபாத்தியாயர்களுக்குக் கேள்வி விளங்குவது சுலபம். பதில் விளங்குவதுதான் கஷ்டம்.

பாடப் புஸ்தகத்தை நம்பிப் பதில் சொன்னேன். இங்கிலாந்தின் அரசியல் சட்டம் ஒரே ஏட்டில் எழுதி வைக்கப்பட்டதல்ல என்றும், வழக்கமும் மரியாதையுமே அங்கே பாதிச் சட்டம் என்றும், பார்லிமெண்டுக்குத் தெரிந்தே பொய் சொல்லும் மந்திரி தாமாகவே ராஜினாமாவைச் சமர்ப்பிக்க வேண்டுமென்று மந்திரிகளின் நடத்தை விதிகளில் கண்டிருக்கிறதென்றும் விளக்கினேன். "தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று யார் ஸார் தீர்ப்புச் சொல்லுவார்கள்?" என்று அடுத்த கேள்வி வந்தது. "அந்த விதிகளுக்குக் கடைசி நீதிபதி பிரதம மந்திரியேதான்" என்றேன். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று மாலை வீடு திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயத்தை ஆதியிலிருந்து சொல்லுகிறேன். 2020-ம் வருஷம் மார்ச் மாதம் 23-ந் தேதி இரவு மிஸ்டர் ஜான்ஸன் டெலிவிஷன் மூலம் தம் தேசத்து ஜனங்களுக்கு முன் தோன்றி, எல்லோரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். கொரோனா நோய் பரவிக்கொண்டிருந்த சமயம். உத்தரவு அவசியமானதுதான், அதில் குற்றம் காண இடமில்லை. சில நாட்களுக்கெல்லாம் அவருக்கே அந்த நோய் கண்டு, லண்டனில் ஸெயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்து வந்தார். அப்போது அவரை விரோதித்தவர்களும் அவருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள்.

உத்தரவு என்றால் சாமானியமான உத்தரவல்ல. பிள்ளையைப் பெற்றவர்கள் பேரக் குழந்தையை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் பிராணன் பிரியும் தறுவாயில் இருந்த தாயாரிடம் மகள் டெலிபோன் மூலம் விடை பெற்றுக் கொண்டாள். சவ ஊர்வலத்துக்கு வந்த சிலரும் ஒருவரை ஒருவர் தொட்டுத் தேற்ற முடியாமல் எட்டி எட்டி நின்றார்கள். மீறியவர்களுக்குப் போலீஸார் அபராதம் விதித்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்ந்து அத்தகைய அபராத நோட்டீஸுகள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டன.

இந்த வேதனை நம் வீடுகளுக்குப் புதிதல்ல. 2021-ம் வருஷம் மே மாதத்தில் என் தாய்மாமன் காலமானார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். மயானத்துக்கு நாலு பேர் போனோம். மாமி தெருக்கோடியில் நின்றுகொண்டு வண்டி திரும்புகிறவரையில் பார்த்தாள். "கிட்டே போனால் சட்ட விரோதம்" என்று அவளைத் தடுத்து நிறுத்தியவன் நான்தான். அந்த உத்தரவு சரியானது என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படி நினைக்காமற் போனால் மாமியின் முகத்தில் எப்படி விழிப்பது?

லண்டன் ஜனங்களும் அப்படியேதான் நினைத்தார்கள். 2020-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி மாலையில், மந்திரி ஆலிவர் டௌடன் என்பவர் பத்திரிகைக்காரர்கள் கூட்டத்தில் நின்று, வீட்டுக்கு வெளியே பொது இடத்தில் வேறு குடும்பத்தார் ஒருவரை மட்டும் சந்திக்கலாம், அதிலும் இரண்டு மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்று தேசத்துக்கு நினைவூட்டினார். அவர் சொல்லி ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கெல்லாம், பிரதம மந்திரி வசிக்கும் டௌனிங் தெரு 10-ம் நெம்பர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பானோபசாரம் நடந்தது. பிரதம மந்திரியின் அந்தரங்கக் காரியதரிசி நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அழைப்பு அனுப்பியிருந்தார். குடிக்கும் மதுவை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது அழைப்பில் கண்ட விசேஷம். முப்பது நாற்பது பேர் வந்தார்கள். பிரதம மந்திரியும் வந்தார்.

அது ஒன்றல்ல. ஜூன் மாதம் 19-ந் தேதி மந்திரி சபை கூடும் அறையிலேயே அவருடைய பிறந்த நாளைக் கொண்டாடினார்கள். டிஸம்பர் மாதம் 18-ந் தேதி, லண்டனில் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரோடு கூடக்கூடாதென்று தடை இருந்த காலத்தில், 10-ம் நெம்பர் வீட்டில் கிறிஸ்துமஸ் கேளிக்கை நடந்தது. மறு நாள் காலை அறையைக் கூட்டிப் பெருக்க வந்த சிப்பந்தி, சுவரிலும் நகல் எடுக்கும் காகிதப் பெட்டிகளின்மேலும் சிவப்பு ஒயின் கொட்டிக் கிடந்ததைக் கண்டாராம். பிற்பாடு வெளியான விசாரணை அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. காவல்காரர்களையும் கூட்டிப் பெருக்குகிறவர்களையும் அங்கிருந்த உத்தியோகஸ்தர்கள் பல தடவை அவமரியாதையாக நடத்தினார்கள் என்பதும் அதிலேயே கண்டிருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட என் மனசைத் தைத்தது இந்த இரண்டு வரிதான்.

2021-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் எலிஸபெத் மகாராணியின் புருஷர் பிலிப் இளவரசர் காலமானார். 17-ந் தேதி விண்ட்ஸர் கோட்டைக் கோயிலில் சவச் சடங்கு. சட்டப்படி முப்பது பேருக்குத்தான் அநுமதி. எழுபத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவரை அனுப்பிவிட்டு, அந்த அம்மாள் கறுப்பு முகக்கவசம் அணிந்து, வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த படத்தை உலகம் முழுவதும் பார்த்தது. அதற்கு முந்தின நாள் இரவு டௌனிங் தெருவில் ஒன்றல்ல, இரண்டு கேளிக்கைகள் நடந்திருந்தன. அன்று மிஸ்டர் ஜான்ஸன் அங்கே இல்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். வீடு அவருடையது, அவ்வளவுதான். பிறகு 10-ம் நெம்பர் வீட்டார் அரண்மனைக்கு மன்னிப்புச் சொல்லி அனுப்பினார்கள்.

இதெல்லாம் 2021-ம் வருஷம் நவம்பர் கடைசியில் 'டெய்லி மிர்ரர்' பத்திரிகை முதல் செய்தியை வெளியிட்ட பிறகே ஜனங்களுக்குத் தெரிய வந்தது. அதிலிருந்து மிஸ்டர் ஜான்ஸன் சொல்லிவந்த சமாதானங்களை வரிசையாகப் படித்தபோது, வீட்டுக் கணக்குப் போடாமல் வருகிற பையன்களின் ஞாபகந்தான் எனக்கு வந்தது. எல்லா விதிகளும் பூரணமாக அநுசரிக்கப்பட்டன என்றார் முதலில். விருந்தே நடக்கவில்லையென்று எனக்கு உறுதி சொல்லியிருக்கிறார்கள் என்றார் பிறகு. தோட்டத்துக்கு நான் போனது உண்மை, இருபத்தைந்து நிமிஷந்தான் இருந்தேன், அதை உத்தியோக சம்பந்தமான கூட்டமென்றே நம்பினேன் என்றார் ஜனவரி மாதத்தில். ஸூ கிரே அம்மாளின் விசாரணை முடியட்டும் என்றார். போலீஸ் விசாரணை முடியட்டும் என்றார். பிறந்த நாள் விஷயத்தில் அவருடைய கட்சிக்காரர் ஒருவர் தைரியமாக முன் வந்து, பிரதம மந்திரி கேக்கைத் தேடிப் போகவில்லை, கேக்குதான் பதுங்கியிருந்து அவர்மேல் பாய்ந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகச் சாக்குப் போக்குக் கேட்டுப் பழகிய எனக்கும் இது புதுமையாகவே இருந்தது.

விசாரணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் இதை விசாரிக்க நியமனமானவர் அரசாங்கத்தின் தலைமை உத்தியோகஸ்தர். அவருடைய ஆபீஸிலேயே ஒரு கொண்டாட்டம் நடந்ததாகத் தெரியவே அவர் விலகிக் கொண்டார். அப்புறந்தான் ஸூ கிரே அம்மாள் வந்தார்.

ராஜினாமாவே நடக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சின்னவர்களுடைய ராஜினாமாக்கள் தாராளமாக நடந்தன. ஊரடங்குச் சமயத்தில் தமது இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டு வந்ததற்காக ஸ்காட்லாந்தின் தலைமை வைத்திய அதிகாரியான அம்மாள் 2020 ஏப்ரலிலேயே வேலையை விட்டார். கிறிஸ்துமஸ் கேளிக்கையைப் பற்றிப் பத்திரிகைக்காரர் கேட்டால் என்ன சொல்லுவது என்று ஒத்திகை பார்க்கையில் சிரித்துவிட்ட காரியாலயப் பெண்மணி ஒருவர், அந்தச் சிரிப்புப் படம் வெளியானதும் வாசற்படியில் நின்று கண்ணீர் விட்டு ராஜினாமாச் செய்தார். அந்த அம்மாள் கேளிக்கைக்கே போகவில்லையாம். சிரித்தவர் போய்விட்டார், வீட்டுக்குரியவர் இருந்துகொண்டார்.

ஜனங்களுக்கு ஆத்திரம் மூண்டது. டிஸம்பர் மாதம் வடக்கு ஷ்ராப்ஷையர் தொகுதியில் உபதேர்தல் வந்தது. அங்கே முந்தின தேர்தலில் சுமார் 23,000 வோட்டு வித்தியாசத்தில் ஜயித்த கன்ஸர்வேடிவ் கட்சி தோற்றுப் போயிற்று. பார்லிமெண்டு மெம்பர்கள் தங்கள் தொகுதியிலிருந்து வந்த கடிதங்களைச் சபையில் எடுத்துச் சொன்னார்கள். தகப்பனாரின் கையைப் பிடிக்காமல் இருந்தேன், பாட்டியைக் கட்டிக் கொள்ளாமல் இருந்தேன், என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்தார்களா - இதுவே அந்தக் கடிதங்களின் சாரம்.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. அபராதம் ஐம்பது பவுன். அந்தத் தொகையைப் பார்த்தால் சைக்கிளில் விளக்கில்லாமல் போன குற்றத்தைப் போலத் தோன்றும். 'ஒரு கேக்குத் துண்டுக்காக ஒரு ராஜாங்கத்தையே கவிழ்ப்பதா?' என்று அவருடைய அபிமானிகள் கேட்டதும் அதனால்தான். ஆனால் ஜனங்கள் கேக்குக்காகக் கோபப்படவில்லை. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவன் தன் துக்கத்தை ஒரு காரணத்தால் தாங்கிக் கொண்டான்: 'எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள்; இதைச் சொன்னவரும் இப்படித்தான் இருக்கிறார்' என்ற காரணம். அதைப் பிடுங்கிவிட்டால், தாயாரின் கடைசி நிமிஷத்தில் பக்கத்தில் இல்லாதவனுக்கு என்ன மிச்சம்? தியாகம் என்று நினைத்தது ஏமாளித்தனமாகப் போகிறது. ராஜினாமா என்பது அந்த மனிதனுக்குச் சொல்லக்கூடிய ஒரே பதில்: 'நீ ஏமாளியல்ல; நான்தான் தவறியவன்' என்ற பதில். வாயால் மன்னிப்பு எத்தனை தடவை கேட்டாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்ட மன்னிப்புக்கு அந்த அர்த்தம் வராது.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். தாமதமாக வந்த பையன் ஒருவனை ஒரு நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். அடுத்த வாரமே நான் இருபது நிமிஷம் தாமதித்துப் போனேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே பஸ்ஸின்மேல் பழி போட்டேன். அந்தப் பையன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புஸ்தகத்தைப் பிரித்தான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுவதும் நேரத்தைப் பற்றி அந்த வகுப்பில் என்னால் வாய் திறக்க முடியவில்லை. முப்பத்தைந்து பையன்களுக்கு முன்னால் எனக்கே அப்படியென்றால், ஆறரைக் கோடி ஜனங்களுக்கு முன்னால் ஒருவர் எப்படித்தான் தினந்தோறும் தலை நிமிர்ந்து நடந்தாரோ!

இங்கிலாந்திலும் வேறு மாதிரி நடந்தவர்கள் இல்லாமலில்லை. 1963-ல் யுத்த மந்திரியாயிருந்த ஜான் புரொப்யூமோ ஒரு பெண் விவகாரத்தில் பார்லிமெண்டுக்குப் பொய் சொன்னார். இரண்டரை மாதத்துக்கெல்லாம் பொய்தான் என்று ஒப்புக்கொண்டு மந்திரி பதவியையும் மெம்பர் பதவியையும் ஒருங்கே விட்டார். அப்புறம் கிழக்கு லண்டனில் ஏழைகளுக்காக நடக்கும் டாயின்பி ஹால் என்ற ஸ்தாபனத்துக்குப் போய்ச் சில்லறை வேலைகளில் ஆரம்பித்துப் பல வருஷங்கள் ஊழியம் செய்தார். நம் தேசத்து உதாரணமாக லால்பகதூர் சாஸ்திரியாரைச் சொல்லலாந்தான். ஆனால் 1956-ம் வருஷத்து அரியலூர் ரயில் விபத்தை ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. லண்டனிலேயே இருப்போம்.

நாற்காலி ஏன் அசையவில்லை? உட்கார்ந்திருப்பவர் கெட்டியாகப் பிடித்திருப்பது பாதிக் காரணந்தான். 2019-ல் மிஸ்டர் ஜான்ஸன் தம் கட்சிக்கு எண்பது ஸ்தானம் மெஜாரிட்டி தேடித் தந்தவர். அவரால் ஜயித்து வந்தவர்கள் அவரை எப்படித் தள்ளுவார்கள்? தலைவர்மேல் நம்பிக்கை வோட்டுக் கோர வேண்டுமானால் கட்சி மெம்பர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர், அதாவது ஐம்பத்து நாலு பேர், அப்போது ரகசியக் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்கலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் யோசித்தார்கள். பிப்ரவரியில் உக்ரேய்ன்மேல் ருஷ்யா படையெடுத்தது. யுத்த காலத்தில் தலைவரை மாற்றுவதா என்று சிலர் கொடுத்த கடிதத்தையும் திரும்ப வாங்கிக் கொண்டார்கள். அந்த யுத்தத்தில் உக்ரேய்னுக்கு அவர் செய்த உதவி மெய்யானதுதான். ஆனால், மெய்யான நற்காரியம் ஒன்றைத் திரையாகக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஒளிவது எல்லாத் தேசத்து அரசியலிலும் உள்ள வித்தை. 1940-ம் வருஷம் மே மாதத்தில், யுத்தம் உக்கிரமாயிருந்தபோதே, இதே இங்கிலாந்து தன் பிரதம மந்திரி சேம்பர்லேனை மாற்றிற்று என்பதை அவர்கள் சௌகரியமாக மறந்தார்கள்.

ஏப்ரல் மாதம் 12-ந் தேதி அபராதம் வந்தது. பதவியில் இருக்கும்போதே சட்டத்தை மீறியவரென்று காணப்பட்ட பிரதம மந்திரி அந்தத் தேசத்தில் அவர்தான் முதல்வர். மொத்தத்தில் 83 பேருக்கு 126 அபராதங்கள். ஜூன் 3-ந் தேதி மகாராணியின் எழுபதாம் வருஷப் பட்ட விழாவுக்காக ஸெயிண்ட் பால் கோயில் படியேறியபோது, ராஜ விசுவாசம் மிக்க அந்தக் கூட்டமே அவரைப் பார்த்து 'ஊ' என்று கூவிற்று. ஜூன் 6-ந் தேதி கட்சிக்குள் வோட்டு. 211 பேர் அவர் பக்கம், 148 பேர் எதிர்ப் பக்கம். 'ஜயித்துவிட்டேன், இனி வேறு வேலை பார்ப்போம்' என்ற பாவனையில் அவர் இருந்துகொண்டார். என் மாணவன் கேள்வி கேட்டது இந்தச் சமயத்தில்தான். அந்த மாதம் 15-ந் தேதி பிரதம மந்திரிக்கு நன்னடத்தை ஆலோசகராயிருந்த கெய்ட் பிரபுவே வேலையை விட்டுப் போனார். 23-ந் தேதி இரண்டு உபதேர்தல்களில் தோல்வி. கட்சித் தலைமைக் காரியாலயத்தின் பொறுப்பாளர் மறு நாள் அதிகாலையில் பொறுப்பை ஏற்று ராஜினாமாச் செய்தார். அவர் வேறு யாருமல்ல. இரண்டு மீட்டர் விலகி நிற்கச் சொன்ன அதே மிஸ்டர் டௌடன்தான்.

கடைசியில் நாற்காலியைக் கவிழ்த்தது எது தெரியுமா? விருந்தல்ல. கட்சியின் துணைக் கொறடா ஒருவர் ஒரு கிளப்பில் அளவு மீறிக் குடித்துத் தகாத முறையில் நடந்தாரென்று புகார் வந்தது. அவர்மேல் முன்பு வந்திருந்த புகார் எதுவும் பிரதம மந்திரிக்குத் தெரியாதென்று சொன்னார்கள். தெரியும், நேரிலேயே சொல்லப்பட்டது என்று பழைய உத்தியோகஸ்தர் மக்டொனால்ட் பிரபு ஜூலை 5-ந் தேதி பகிரங்கமாக எழுதிவிட்டார். அன்று மாலையே நிதி மந்திரியும் சுகாதார மந்திரியும் விலகினார்கள். இரண்டு நாளைக்குள் மந்திரிகளும் உதவி மந்திரிகளும் பரிவாரத்தாருமாக ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். செவ்வாய்க்கிழமை இரவு புதிதாக நிதி மந்திரியாக்கப்பட்டவர் வியாழக்கிழமை காலையில், தம்மை நியமித்தவரையே 'நீங்கள் போய்விடுங்கள்' என்று கடிதம் எழுதி வெளியிட்டார். ஜூலை 7-ந் தேதி மிஸ்டர் ஜான்ஸன் வெளியே வந்து, மந்தை புறப்பட்டால் நிற்காது என்ற கருத்தில் பேசி, கட்சித் தலைமையை விடுவதாகச் சொன்னார். அந்தப் பேச்சில் தேம்ஸ் நதிக்கரையைப் பற்றி ஒன்றுமில்லை.

தேம்ஸ் நதிக்கரையில் ஒரு சுவர் இருக்கிறது. பார்லிமெண்டுக்கு நேர் எதிர்க்கரை; மிஸ்டர் ஜான்ஸன் பிழைத்து எழுந்த அதே ஆஸ்பத்திரியின் மதில் ஓரம். கொரோனாவில் இறந்தவர்களின் உறவினர்கள் 2021 மார்ச்சிலிருந்து ஆளுக்கு ஒரு சிவப்பு இருதயமாக அங்கே தீட்டி வைத்திருக்கிறார்கள். சுமார் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு லட்சக்கணக்கான இருதயங்கள். வெயிலிலும் மழையிலும் வர்ணம் மங்கிப் போகிறது. தொண்டர்கள் வந்து மறுபடியும் தீட்டுகிறார்கள். ஏழு மாத காலம் அந்தச் சுவரால் அசைக்க முடியாத நாற்காலியை ஒரு கிளப்பு விவகாரம் இரண்டு நாளில் அசைத்தது. இதை நினைத்தால் கவிழ்ந்ததற்காகச் சந்தோஷப்படுவதா என்பதே சந்தேகமாகிறது.

பார்லிமெண்டு மட்டும் கணக்கை விட்டுவிடவில்லை. ஏழு மெம்பர்கள் கொண்ட கமிட்டி ஒன்று விசாரித்தது. அவர்களில் நாலு பேர் அவருடைய கட்சிக்காரர்களே. விருந்துகளைப் பற்றி அவர் சபையைத் தெரிந்தே ஏமாற்றினார் என்று 2023 ஜூன் 15-ந் தேதி தீர்ப்புச் சொன்னார்கள். முடிவு இப்படித்தான் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, அவர் 9-ந் தேதியே தமது மெம்பர் ஸ்தானத்தை விடுவதாக அறிவித்திருந்தார். இல்லாவிட்டால் 90 நாள் விலக்கி வைத்திருப்போம் என்றது கமிட்டி. என் மாணவன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு, ஒரு வருஷம் தாமதமாக, இதுதான் பதில்.

அந்த அறிக்கையைச் சபை ஜூன் 19-ந் தேதி 354 வோட்டுக்கு 7 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. ஜூன் 19 மிஸ்டர் ஜான்ஸனின் பிறந்த நாள். மூன்று வருஷத்துக்கு முன் கேக்கு வந்த அதே தேதி. பழைய மெம்பர்கள் பார்லிமெண்டுக் கட்டடத்துக்குள் தாராளமாகப் போய்வர ஓர் அநுமதிச் சீட்டுக் கொடுப்பது அங்கே வழக்கம். அதை இவருக்குக் கொடுக்கக் கூடாதென்றும் அன்றே முடிவாயிற்று.